பத்து நாள் பார்ப்போம்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



பொதுக்காலத்தின் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டோம். ஒற்றைப்படை ஆண்டுகளில், 34ஆம் வாரத் திங்கள்கிழமைத் திருப்பலியில் தானியேல் நூலின் முதல் அதிகாரம் முதல் வாசகமாக வருகிறது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட நான்கு யூத இளைஞர்கள். அரண்மனையிலிருந்து நாள்தோறும் அரச உணவும் திராட்சை மதுவும் அவர்களுக்கு வருகின்றன. தானியேல் அதை ஏற்கவில்லை. காய்கறியும் தண்ணீரும் போதும் என்கிறார். பொறுப்பிலிருந்த அதிகாரிக்குப் பயம். உங்கள் முகம் மற்ற இளைஞர்களின் முகத்தைவிட வாடிப்போயிருந்தால் அரசன் என் தலையை எடுத்துவிடுவானே என்கிறார். தானியேல் வாதாடவில்லை. மேற்பார்வையாளரிடம் போய், பத்து நாள் சோதித்துப் பாருங்கள், பிறகு உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

தானியேலின் கவலை உடல்நலம் அல்ல. வேற்று நாட்டில் தன் இறைப்பற்றைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பதுதான் அவர் கவலை. எனவே இந்த அதிகாரத்தை ஒரு பத்திய முறையாகச் சிலர் விற்பது விவிலியத்துக்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஆனால் அவர் அதைச் செய்த விதம் இருக்கிறதே, அது நம் பங்கில் பல வீடுகளுக்கு இன்று தேவைப்படுகிறது. சர்க்கரை நோய் வந்த வீடுகளைத்தான் சொல்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு, அதாவது ஏழு பேருக்கு ஒருவர். ஞாயிறு திருப்பலியில் ஒரு நீளமான வரிசையில் அமர்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

சர்க்கரை என்று தெரிந்தவுடன் மக்கள் என்னிடம் வந்து சொல்லும் வார்த்தைகள் ஏறக்குறைய ஒன்றுதான். "சாமி, எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே. நல்லாத்தானே இருக்கேன்." சிக்கலே அதில்தான் இருக்கிறது. பல் வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுகிறோம். சர்க்கரை வலிப்பதில்லை. அது கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதத்தின் நரம்புகளையும் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டிருக்கும். வெறும் வயிற்றில் 126க்கு மேல் என்று காகிதத்தில் ஓர் எண் வந்ததும் பயம் வருகிறது. அந்தப் பயத்தில் இரண்டு வாரம் சோற்றைக் குறைக்கிறோம். பயம் ஆறிவிடும், சோறு பழைய அளவுக்கு ஏறிவிடும். பயத்தால் வரும் மனமாற்றம் நீடிக்காது என்பது ஒப்புரவு அருளடையாளத்தில் உட்காரும் எந்தக் குருவுக்கும் தெரிந்த செய்தி.

இன்னொரு கூட்டத்தாருக்கு வெட்கம். வாயைக் கட்டாததால் கடவுள் கொடுத்த தண்டனை என்று ஒரு அம்மா அழுதார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவர் செய்த பாவமும் அல்ல, பெற்றோர் செய்ததும் அல்ல என்று ஆண்டவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பெற்றோரிடமிருந்து வரும் உடல்வாகு, உட்கார்ந்தே செய்யும் வேலை, தூக்கக் குறைவு, மூன்று வேளையும் அரிசி, இத்தனையும் சேர்ந்துதான் இந்த நோய். தண்டனை என்று நினைப்பவர் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுவார். எழுந்து நடக்க மாட்டார்.

சரி, எதைத்தான் மாற்றுவது? நம் மாவட்டத்தின் பெருமையே அரிசி. ஆரணியும் களம்பூரும் அரிசியால் பேர் பெற்ற ஊர்கள். இங்கே பிறந்தவனிடம் சோற்றை விடு என்றால் தாயை விடு என்பதுபோல் கேட்கிறது. விட வேண்டியதில்லை, அளவைத்தான் பார்க்க வேண்டும். அதே ஆய்வின் தொடர்ச்சியாக 2025 செப்டம்பரில் வெளிவந்த உணவுப் பகுதி சொல்வது: இந்தியர் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் ஆபத்து குறைந்துவிடுவதில்லை, மொத்த மாவுச்சத்து குறைந்து பருப்பு, பயறு, மோர், முட்டை, மீன் போன்றவை கூட வேண்டும் என்றும் அது கண்டது.

இது நம் வீடுகளில் நடக்கும் ஒரு பெரிய ஏமாற்றத்தைத் தொடுகிறது. இரவில் சோறு வேண்டாம் என்று ஐந்து சப்பாத்தி சாப்பிடுகிறோம். ஜவ்வாது மலைச் சாமை நல்லதென்று தட்டு நிறையச் சாமைச் சோறு போட்டுக்கொள்கிறோம். கேழ்வரகைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடிக்கிறோம். சாமையும் கேழ்வரகும் நல்லவைதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் அவையும் மாவுச்சத்தே. கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ, மீதிக் கால் பங்கு சோறு. காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் ஏற்றம் மெதுவாக இருக்கும். இதற்கு மேல் விவரங்களை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கணக்கே வேறு.

இது தெரியாத ஆள் குறைவு. தெரிந்ததைச் செய்யத்தான் மனம் வரவில்லை. இங்கேதான் தானியேலிடம் நான் பாடம் கேட்கிறேன். அவர் வாழ்நாள் முழுக்க என்று ஆரம்பிக்கவில்லை. பத்து நாள் என்றார். "இனிமேல் வாழ்க்கையில் பிரியாணியே கிடையாது" என்று சபதம் எடுப்பவர் அடுத்த கல்யாணப் பந்தியிலேயே விழுந்துவிடுகிறார். பத்து நாள் என்றால் யாராலும் முடியும். அந்தப் பத்து நாளின் முடிவில் பார்ப்பதற்கும் ஏதாவது இருக்க வேண்டும். தானியேலுக்கு முகத்தைப் பார்த்தார்கள். நமக்கு அதைவிடத் துல்லியமான சாட்சி இருக்கிறது. வீட்டில் இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால், ஒருநாள் வழக்கமான அளவு சோறு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுநாள் அதே சாம்பார், அதே பொரியல், சோறு பாதி, காய் இரட்டிப்பு, சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடை. மறுபடி பாருங்கள். நான் சொல்லி நம்பாதவர், தன் விரல் நுனி இரத்தம் சொன்னால் நம்புவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் இருக்கிறது. அதில் 8 என்று இருந்தது 7க்கு வந்ததைப் பார்த்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் முகம்.

அடுத்து, தானியேல் தனியாக உண்ணவில்லை. அனனியா, மிசாவேல், அசரியா மூவரும் கூட இருந்தார்கள். அதோடு மேற்பார்வையாளரின் சம்மதமும் இருந்தது. நம் வீட்டில் அந்த மேற்பார்வையாளர் யார்? சமைப்பவர்தான். அவருக்கும் அந்த அதிகாரியின் பயமே இருக்கிறது. "இளைச்சுப் போயிட்டா ஊர் என்னைத்தானே கேக்கும், சோறு போடலையான்னு." எடை குறைந்தவரைப் பார்த்து "ஏன்பா, உடம்பு சரியில்லையா?" என்று துக்கம் விசாரிக்கும் ஊர் நம்முடையது. தயவுசெய்து அதை நிறுத்துவோம். "நல்லா இருக்கீங்க" என்று சொல்லிப் பழகுவோம்.

சமைப்பவருக்கே சர்க்கரை என்றால் நிலைமை இன்னும் மோசம். அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் வீடே கோதுமைக்கு மாறுகிறது. அம்மாவுக்கு என்றால் எதுவும் மாறுவதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, இரவு பத்து மணிக்கு, மீந்த சோறு வீணாகக் கூடாதென்று அதை அவர்தான் சாப்பிட்டு முடிக்கிறார். அதைத் தியாகம் என்று நாமும் புகழ்கிறோம். அது தியாகம் அல்ல, அம்மாமார்களே. பிள்ளைகளே, உங்கள் அம்மா எத்தனை மணிக்கு, என்ன சாப்பிடுகிறார் என்று இன்றிரவு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

சின்னச் சின்ன நினைவூட்டல் எவ்வளவு செய்யும் என்பதற்குச் சென்னையிலிருந்தே ஓர் ஆதாரம் உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு அது. சர்க்கரை நோயின் வாசலில் நின்றிருந்த, ஆனால் இன்னும் நோய் வராத 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் உணவு, நடை பற்றி ஒரே அறிவுரை. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மட்டும் கைப்பேசியில் அவ்வப்போது குறுஞ்செய்திகள் போயின. இரண்டு ஆண்டுகள் கழித்து, செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வந்திருந்தது. பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு. மாத்திரையல்ல, ஊசியல்ல, குறுஞ்செய்தி! திருச்சபை இதை வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது. காலை, நண்பகல், மாலை மூவேளை செபத்துக்கு மணி அடிக்கிறோமே, ஏன்? மனிதன் மறப்பவன் என்பதால்தான். உங்கள் மகன் பெங்களூரில் இருந்தால், "அம்மா, சாப்பிட்டியா?" என்பதோடு "நடந்தியா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

விழுவதைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் விழத்தான் செய்வோம். தீபத் திருவிழாவுக்கு அண்டை வீட்டார் அன்போடு பொரி உருண்டையும் அப்பமும் கொடுப்பார்கள். அடுத்து கிறிஸ்மஸ் கேக், அதிரசம், முறுக்கு. ஒரு லட்டு தின்றவுடன், "இன்னைக்குக் கெட்டது கெட்டுப்போச்சு, பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்கிறோம். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருபவரிடம், ஒருமுறை கோபப்பட்டுவிட்டீர்கள், ஆகவே தவக்காலம் வரும்வரை தினமும் கோபப்படுங்கள் என்று எந்தக் குருவாவது சொல்வாரா? அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே திரும்பி வாருங்கள். நற்பண்பு என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் உள்ளத்தில் ஊன்றும் பழக்கம் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பிக்கிறார். (அவர் நல்ல பருத்த உடல்வாகு உள்ளவர் என்பது மரபு. அதனால் அவர் சொல்வதை நம்பலாம்!)

சிரியப் படைத்தலைவர் நாமானையும் நினைத்துக்கொள்ளுங்கள். தொழுநோய் நீங்க யோர்தானில் ஏழு முறை முழுகச் சொன்னார் எலிசா. இவ்வளவு எளிதானதா என்று நாமானுக்குக் கோபம். கடினமாக ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர்களே என்று பணியாளர்கள்தான் தெளிவித்தார்கள். நம்மிலும் சிலர் அரைத்தட்டுச் சோற்றை அற்பம் என்று ஒதுக்கிவிட்டு, வேரோடு குணமாக்கும் சூரணத்தைத் தேடி ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அதோடு மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். இன்சுலினைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் 2021 முதல் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதை வாங்கி அலமாரியில் அடுக்காமல் சாப்பிடுங்கள்.

கடைசியாக, திருச்சபை ஒழுங்கு பற்றி ஒரு விளக்கம். இதில் பலர் தவறாகப் புரிந்துகொண்டு துன்பப்படுகிறார்கள். நம் பெரியவர்கள் சிலர் இன்னும் நள்ளிரவிலிருந்து எதுவும் உண்ணாமல் திருப்பலிக்கு வருகிறார்கள். அந்தப் பழைய ஒழுங்கை 1953இல் தளர்த்தி, 1957இல் மூன்று மணி நேரம் என்று ஆக்கினார் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் என்று குறைத்தார். தண்ணீரும் மருந்தும் அந்த நோன்பை முறிப்பதில்லை. முதியோரும் நோயுற்றோரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நற்கருணை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டம் 919 சொல்கிறது. ஒருசந்தியும் 59 வயது முடியும்வரைதான் கடமை, அதுவும் உடல்நலம் உள்ளவர்களுக்கு. மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்தால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறும். அப்படி யாராவது பக்கத்தில் சாய்ந்தால், நினைவோடு விழுங்க முடிகிறவராக இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். திருப்பலி நடக்கிறதே என்று தயங்க வேண்டாம். நானே நிறுத்திக்கொள்கிறேன்.

அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் இனிப்பும் மிக்சரும் சர்க்கரை போட்ட தேநீரும் வருகின்றன. வேண்டாம் என்பவரை "ஒண்ணுதானே, சாப்பிடுங்க" என்று வற்புறுத்துகிறோம். திருவருகைக்கால முதல் கூட்டத்திலிருந்து சுண்டல் வையுங்கள். தேநீரைச் சர்க்கரை இல்லாமல் போட்டு, சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். பத்து நாள் கூட வேண்டாம், மூன்று கூட்டம் பார்ப்போம்.