டங்கன்: துரை அல்ல, தொழிலாளி!

இராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு தேநீர்க் கடை. மில்லில் வேலை முடித்து வந்த தோழர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. கடையின் மூலையில் இருந்த தொலைக்காட்சியில் ‘மந்திரி குமாரி’ ஓடத் தொடங்கியது. வசனம் மு. கருணாநிதி என்ற எழுத்துகள் வந்தபோது முதியவர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். எம்.ஜி.ஆர். பெயரைக் கண்டதும் இன்னொருவர் முகம் மலர்ந்தது. அடுத்து டைரக்‌ஷன் என்ற இடத்தில் வந்த பெயர், எல்லிஸ் ஆர். டங்கன்!

“யாருண்ணே இது? வெள்ளைக்காரன் பேரு மாதிரி இருக்கு!” என்றான் ஓர் இளைஞன்.

“யாரோ ஒரு துரை, தம்பி” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் தேநீரை உறிஞ்சினார்.

நாமும் அங்கேதான் இருந்தோம். பெரியவர் மேல் நமக்குக் கோபம் இல்லை. வெள்ளைத் தோல் கண்டால் துரை என்று அழைக்கும்படி நம் பாட்டன்மார் பழக்கப்படுத்தப்பட்டவர்கள். ஆனால் அந்த ஒரு சொல் நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. துரை என்றால் யார்? குதிரைமேல் வந்து தேயிலைத் தோட்டத்தைப் பார்வையிட்டவன் துரை. மாளிகையில் அமர்ந்து கையெழுத்துப் போட்டவன் துரை. பிறர் வியர்வையில் தன் வெள்ளிக்கிண்ணத்தை நிரப்பிக்கொண்டவன் துரை. டங்கன் அந்த இனத்தவரா? இல்லை தோழர்களே, இல்லை! அவர் கூலி பேசி வந்தவர், வேலை செய்தவர், வேலை தெரிந்தவர்.

அமெரிக்க நாட்டில் ஒகையோ மாநிலத்தில் பார்ட்டன் என்று ஒரு சிற்றூர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த வட்டாரம். மண்ணுக்கடியில் இறங்கிக் கரி வெட்டி, கருத்த முகத்தோடு மேலே வரும் மக்கள் வாழும் பூமி. அங்கே 1909-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் நாள் பிறந்தார் எல்லிஸ் ரோடரிக் டங்கன். இளமையிலேயே அவர் கையில் புகைப்படக் கருவி ஏறியது. அந்த ஆர்வம் அவரைத் தென் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் திரைப்படத் துறைக்கு இழுத்துச் சென்றது. அங்கே உடன் படித்தவர் மாணிக்லால் டாண்டன் என்ற வடநாட்டு இளைஞர். “எங்கள் நாட்டுக்கு வா, படம் எடுக்கலாம்” என்று நண்பர் அழைத்தார். 1935-இல் டங்கன் வந்து இறங்கினார். ஆறு மாதம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர், பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டார்!

வந்த இடத்தில் அவருக்குச் சிவப்புக் கம்பளம் விரித்து வைத்திருந்ததாக யாரும் எண்ணவேண்டாம். பேசி வைத்திருந்த ஸ்டூடியோத் திட்டம் நிறைவேறவில்லை. டாண்டன் அப்போது ‘நந்தனார்’ படத்தை இயக்கிக்கொண்டிருந்தார். கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் இலட்சம் ரூபாய் பெற்று நடித்தார் என்று ஊரெல்லாம் பேசப்பட்ட படம் அது. அதில் நண்பருக்குத் துணையாக நின்றார் டங்கன். பிறகு மனோரமா பிலிம்ஸ் மருதாசலம் செட்டியார் ஓர் இயக்குநரைத் தேடியபோது, டாண்டன் கைகாட்டியது இவரைத்தான். அப்படி உருவானதுதான் 1936-இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’.

1936! நம் இராஜபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜாவின் முயற்சியில் இராஜபாளையம் மில்ஸ் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். கரிசல் காட்டுப் பருத்தியை நூலாக்கும் இயந்திரம் இங்கே வந்த காலத்தில், தமிழ்ப் பேசும் படத்துக்கு அந்நிய நாட்டுத் தொழில்நுட்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்திருந்தான் ஒரு வாலிபன். நூற்பு இயந்திரம் இங்கிலாந்தில் பிறந்தது என்பதற்காக அதில் நூற்ற நூலை ஆங்கில நூல் என்று எவரேனும் சொல்வரோ? பஞ்சு நம்முடையது, கை நம்முடையது, நூலும் நம்முடையதே.

‘சதிலீலாவதி’ எஸ்.எஸ். வாசன் எழுதிய தொடர்கதை. குடியால் கெட்டவன் ஒருவன், கொலை செய்துவிட்டோம் என்று அஞ்சி இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான் என்பது கதை. இராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய எத்தனை ஆயிரம் குடும்பங்களின் கண்ணீர் அந்தத் தேயிலைச் செடிகளின் வேரில் ஊறியிருக்கிறது! புராணக் கதைகளே திரையை ஆண்ட நாளில், தோட்டக் கூலியின் வாழ்வைத் திரையில் காட்டிய படம் அது. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘பதிபக்தி’ நாடகமும் இதே கதைதான் என்று வழக்குக் கிளம்பியது. இரண்டுக்கும் மூலம் ஹென்றி வுட் அம்மையாரின் ‘டேன்ஸ்பரி ஹவுஸ்’ என்ற ஆங்கில நாவல் என்று வாசன் எடுத்துச் சொன்ன பிறகே சச்சரவு அடங்கியது. ஆங்கில அம்மையாரின் கதை, வாசனின் தமிழ், அமெரிக்க வாலிபனின் இயக்கம். பார்த்து அழுததோ நம் தாய்மார்கள்!

எம்.கே. ராதா கதாநாயகர். டி.எஸ். பாலையாவுக்கு அது முதல் படம். போலீஸ் அதிகாரி வேடத்தில், சில காட்சிகளிலே வந்துபோன ஓர் இளைஞருக்கும் அதுதான் முதல் படம். அவர் பெயர் எம்.ஜி. இராமச்சந்திரன். 1977-இல் இந்த நாட்டின் முதலமைச்சரான அவரை, முதன்முதலில் படக்கருவியின் முன்னே நிறுத்தியவர் டங்கன்தான் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

டங்கனுக்குத் தமிழ் தெரியாது. பதினைந்து ஆண்டு இருந்தும் கற்றுத் தேறவில்லை. இதை நாம் ஒரு குறையாகவே கருதுகிறோம், மறைப்பானேன்? ஆனால் அவர் தமிழ் அறிந்தவர்போல் வேடம் போடவில்லை. வசனத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்துக்கொண்டார். பக்கத்திலே மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைத்துக்கொண்டார். சொல்லின் பொறுப்பைத் தமிழ் எழுத்தாளனிடம் விட்டார். கண்ணின் பொறுப்பைத் தாம் ஏற்றார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் விட்டுவிடும் அடக்கம் இன்று எத்தனை பேருக்கு உண்டு?

அந்நாளில் பேசும் படம் என்பது என்ன? நாடக மேடையின் முன்னே படக்கருவியை நட்டுவைத்துவிடுவார்கள். கருவி அசையாது, நடிகர் வருவார், பாடுவார், போவார், மறுபடியும் வருவார், பாடுவார். ஐம்பது பாட்டு, அறுபது பாட்டு! டங்கன் வந்தார், படக்கருவிக்குக் கால் முளைத்தது. அது நகர்ந்தது, நெருங்கியது, முகத்தருகே வந்து கண்ணீர்த் துளியைக் காட்டியது. மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கக் கத்திப் பழகிய நடிகரிடம், முகத்தால் பேசு என்றார். ஒப்பனையை மாற்றினார். குறித்த நேரத்துக்கு வரவேண்டும், ஒத்திகை பார்க்கவேண்டும், பிறகே படப்பிடிப்பு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார். ரிங் பிரேமின் முன்னே நிற்கும் தோழனுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஓர் இழை அறுந்தால் ஓடிப்போய் ஒட்டவேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றால் கதிர் வீணாகும்.

1937-இல் ‘அம்பிகாபதி’. தியாகராஜ பாகவதர் என்ற இசைக் கொடுமுடியை வைத்து எடுத்த படம். கம்பர் மகன் அம்பிகாபதிக்கும் சோழன் மகள் அமராவதிக்கும் எழுந்த காதல் கதைக்கு, ஷேக்ஸ்பியரின் ரோமியோ-ஜூலியட் காட்சிகளை நினைவில் வைத்துக்கொண்டு உருவம் கொடுத்தார் டங்கன். வசனம் எழுதியவர் மணிக்கொடி எழுத்தாளர்களில் ஒருவரான இளங்கோவன். படத்து வசனத்துக்கு இலக்கிய நடை உண்டு என்று நாட்டுக்குக் காட்டியது அந்தப் பேனா. தமிழறியாத ஒருவர் இயக்கிய படத்தில்தான் தமிழ் வசனம் தலை நிமிர்ந்தது என்றால் வியப்பாக இல்லையா? நமக்கு வியப்பில்லை. மொழியில் தமக்குக் கை இல்லை என்று உணர்ந்தவர், கை உள்ளவனைத் தேடிப் பிடித்தார், அவ்வளவே. 1940-இல் வந்த ‘காளமேக’த்தில் நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். இராஜரத்தினம் பிள்ளையைக் கவி காளமேகமாக நிறுத்தினார்; எழுத்துக்குப் புரட்சிக் கவிஞர் பாரதிதாசன். அதே ஆண்டில் ‘சகுந்தலை’, எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் இணைந்தார்கள்.

பிறகு 1945-இல் ‘மீரா’. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மக்களுக்கு மீராவின் கதை புதிதல்ல. மானிடனை மணக்கமாட்டேன் என்று அடம்பிடித்த ஆண்டாளின் ஊர் அல்லவா அது! பக்திப் படம். அதன் கருத்து யாருக்கு உடன்பாடு, யாருக்கு இல்லை என்ற வாதத்தை இங்கே விரிக்கவில்லை. நாம் சொல்ல வருவது வேலையைப் பற்றி. எம்.எஸ். அவர்களின் முகத்துக்கு எந்தக் கோணத்தில் ஒளி விழுந்தால் அழகு என்று காண, அவருடைய தலை உருவத்தை வார்ப்பாகச் செய்துவைத்து, விளக்குகளை மேலும் கீழும், இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சோதித்தார்களாம் டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியும். நடிகையை வெயிலிலும் விளக்கிலும் மணிக்கணக்கில் நிறுத்தி வதைக்காமல், வார்ப்பை நிறுத்திப் பாடம் படித்தார்கள்! அதன் பிறகு இராஜஸ்தானம்வரை போய்ப் படம் பிடித்தார்கள். 1947-இல் இந்தியிலும் வந்தது. சரோஜினி நாயுடு திரையில் தோன்றி அறிமுகம் செய்துவைத்தார். தெற்கே ஒலித்த குரல் நாடெங்கும் கேட்டது.

கடைசியாகச் சேலம். மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அழைத்தார். 1950-இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ‘பொன்முடி’. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ காவியமே அதன் கதை. காதல் காட்சிகளைக் கண்டு ஆசார சீலர்கள் ஆத்திரப்பட்டார்கள். வெள்ளைக்காரன் நம் பண்பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று கூச்சல்! காதலைப் பாடாத சங்கத் தமிழா? அகத்திணை வகுத்தவனும் ஒகையோவிலிருந்தா வந்தான்? இந்தக் கேள்விக்குக் கூச்சலிட்டவர்கள் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று, அன்று தேநீர்க் கடையில் ஓடிய ‘மந்திரி குமாரி’. குண்டலகேசியின் கதையைத் தழுவிக் கருணாநிதி எழுதிய நாடகம் படமாயிற்று. கதாநாயகன் எம்.ஜி.ஆர், ராஜகுரு நம்பியார், ராஜகுருவின் மகனாய், பகலில் பெரிய இடத்துப் பிள்ளையும் இரவில் கொள்ளையனுமாய் எஸ்.ஏ. நடராஜன். முகவாயில் பள்ளம் இருக்கிறதே என்று எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக்க டங்கன் தயங்கினார் என்றும், சுந்தரம் விடாப்பிடியாக நின்றதால் சிறு தாடி ஒட்டி மறைத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவரை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவரே பின்னாளில் தயங்கினார் என்றால், கலைஞர்களின் கண்ணும் சில வேளை தவறும் என்றுதான் கொள்ளவேண்டும். படம் முடியுமுன்பே டங்கன் அமெரிக்கா திரும்பினார். எஞ்சியதை சுந்தரம் எடுத்து முடித்தார். அதன் எழுத்தாளர் 1969-இலும், நாயகர் 1977-இலும் முதலமைச்சர் ஆனார்கள். படம் வெளியானபோது சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவரோ பூ.ச. குமாரசாமி ராஜா, நம் இராஜபாளையத்துக்காரர்!

ஊர் திரும்பிய டங்கன் ஹாலிவுட்டின் பெரிய மாளிகைக்குப் போகவில்லை. மேற்கு வர்ஜீனியாவில், உருக்காலைகளுக்குப் பேர்போன வீலிங் நகரில் குடியமர்ந்து, அந்த வட்டாரத்தைப் பற்றிச் செய்திப் படங்களும் விளக்கப் படங்களும் எடுத்துப் பிழைத்தார். இந்தியக் காடுகளில் படம் எடுக்க அமெரிக்கக் கம்பெனிகள் வந்தபோது துணைக்கு வந்தார். ‘டார்ஜான் இந்தியாவுக்குப் போகிறான்’ போன்ற படங்களில் இரண்டாம் குழுவின் பொறுப்பை ஏற்றார். இங்கே முதல்வராய் நின்றவர், அங்கே இரண்டாம் குழுவில் நின்றார். அதற்காக முகம் சுளித்தவரில்லை, வேலை வேலைதானே!

தமிழ்நாட்டுத் திரையுலகம் அவரை அழைத்துப் பாராட்டியது 1994-இல். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. மாலை போட்டார்கள், மகிழ்ந்தார். நமக்கோ வெட்கமாக இருக்கிறது. நடிகனுக்குக் கட்டவுட்டு வைக்கும் நாட்டில், விளக்குப் பிடித்தவனையும் ஒலி பதித்தவனையும் வசனத்தை மொழிபெயர்த்துக் காதில் சொன்னவனையும் யார் தேடினார்கள்? டங்கனுக்காவது ஒரு மாலை விழுந்தது. 2001-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வீலிங்கில் அவர் கண் மூடினார். அதே ஆண்டில் அவருடைய தன்வரலாறும் வெளிவந்தது. ‘அமெரிக்கன் இன் மெட்ராஸ்’ என்று கரண் பாலி எடுத்த வரலாற்றுப் படம் 2013-இல் வந்தது.

இவ்வளவையும் அன்று தேநீர்க் கடையில் நாம் சொல்லி முடிக்கவில்லை, முடிக்க விடவுமில்லை. படம் மலை உச்சிக்கு வந்துவிட்டது. தன்னைத் தள்ளிக் கொல்லப் பார்க்கும் கணவனை வணங்கி மூன்று முறை சுற்றிவர அனுமதி கேட்கிறாள் மந்திரியின் மகள். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. பெஞ்சில் இருந்தவர்கள் கிளாசைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள். டீ ஆறிப்போயிற்று. மூன்றாவது சுற்றில் அவள் அவனைத் தள்ளினாள்.

“சபாஷ்!” என்றார் பெரியவர். பிறகு நம் பக்கம் திரும்பி, “அந்த ஆளு பேரு என்னன்னு சொன்னீங்க?” என்று கேட்டார். துரை என்று சொல்லவில்லை.

மில் சங்கு ஊதியது. இளைஞன் சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான்.