குழந்தையோடு ஃபிளைட் ஏறும் முன்... வெளிநாட்டில் வாழும் தம்பதிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்!

அமெரிக்காவில் ஐ.டி வேலையில் இருக்கும் கணவர். திருமணமாகி அவரோடு போன மனைவி. அங்கேயே பிறந்த நான்கு வயது மகள். வீட்டில் சண்டை முற்றிப்போகிறது. 'அம்மா வீட்ல ஒரு மாசம் இருந்துட்டு வர்றேன்' என்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டு சென்னை வருகிறார் அந்தப் பெண். ரிட்டர்ன் டிக்கெட் தேதி கடந்துபோகிறது. இரண்டு மாதம் கழித்து, 'குழந்தையை உடனே திருப்பி அழைத்து வர வேண்டும்' என்று அமெரிக்க நீதிமன்றத்தின் உத்தரவு வந்து நிற்கிறது.

இந்தக் குடும்பம் கற்பனை. ஆனால், கிட்டத்தட்ட இதே கதையோடு நம் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகள் பல. 'பிறந்த வீட்டுக்குத்தானே வந்தேன்' என்று அம்மா நினைக்கும் பயணத்தை, அந்த நாட்டுச் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது என்பதுதான் இங்கே பிரச்னையே.

பெற்றவரே கடத்தியவரா?

ஆம், அப்படித்தான் சொல்கிறது சட்டம். கணவன், மனைவி இருவருக்கும் உரிமையுள்ள குழந்தையை, இன்னொருவரின் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு நாட்டைவிட்டு அழைத்துப் போவது அமெரிக்காவில் 1993 முதல் குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தேன் என்று நிரூபித்தால், அதையே தற்காப்பு வாதமாக வைக்க முடியும்.

இப்படி நாடு தாண்டும் குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்காகவே 1980-ல் ஹேக் ஒப்பந்தம் உருவானது. 16 வயதுக்குட்பட்ட குழந்தையை, அது வழக்கமாக வசித்த நாட்டுக்கே அனுப்ப வேண்டும்; யாரிடம் வளர வேண்டும் என்பதை அந்த நாட்டு நீதிமன்றம் முடிவு செய்யும் என்பது இதன் அடிப்படை. சிங்கப்பூரும் இலங்கையும்கூட இதில் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009-லேயே பரிந்துரைத்தது.

அப்படியென்றால் இந்தியா வந்துவிட்டால் பாதுகாப்பா?

இங்கேதான் பலரும் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். ஒப்பந்தம் இல்லை என்றாலும், வெளிநாட்டில் இருக்கும் அப்பா இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அப்போது நீதிபதிகள் பார்ப்பது ஒன்றைத்தான்: குழந்தைக்கு எது நல்லது?

2017-ல் இங்கிலாந்திலிருந்து மகளோடு வந்த ஒரு தாயின் வழக்கில், வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு என்பது கவனிக்க வேண்டிய அம்சங்களில் ஒன்று மட்டுமே என்று சொன்ன உச்ச நீதிமன்றம், குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்றது. ஆனால் 2019, 2020, 2022 ஆண்டுகளில் வந்த வழக்குகளில், குழந்தைகளை அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவிட்டது. குழந்தையின் வயது, இங்கே எத்தனை நாள் வேரூன்றியிருக்கிறது, திரும்பிப்போனால் ஆபத்து உண்டா என்று ஒவ்வொன்றையும் எடை போட்டுத்தான் தீர்ப்பு. ஆக, 'அம்மாவிடம்தான் கொடுப்பார்கள்' என்றோ, 'அமெரிக்கக் குழந்தை, அனுப்பித்தான் ஆக வேண்டும்' என்றோ யாராலும் உறுதி சொல்ல முடியாது.

திரும்பிப் போகச் சொல்லும்போது, தாயை நிர்க்கதியாக விடுவதில்லை என்பதும் முக்கியம். 2009-ல் வந்த ஒரு தீர்ப்பில், தாய், மகன் இருவரின் பயணச் செலவையும் தந்தையே ஏற்க வேண்டும், அங்கே அவர்கள் தங்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன.

கென்யா வழக்கு சொல்லும் பாடம்

2020-ல் ஒரு சிறுவனை, கென்யாவில் வாழும் தந்தையிடம் ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் சம்மதித்தது. இந்தியத் தீர்ப்பை அப்படியே பிரதிபலிக்கும் உத்தரவை கென்ய நீதிமன்றத்திலும் வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. சட்டத்துறையில் இதை 'மிரர் ஆர்டர்' என்பார்கள். மகனை அழைத்துப் போன பிறகு, தந்தை அந்த நாட்டு நீதிமன்றத்திலேயே இந்தியத் தீர்ப்பு செல்லாது என்று வாங்கிவிட்டார். 2021-ல் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஆனால், சிறுவன் அப்போது இந்தியாவில் இல்லை. எல்லை தாண்டிய பிறகு தீர்ப்பைக் கையில் வைத்திருப்பதும், குழந்தை கையில் இருப்பதும் ஒன்றல்ல.

அங்கே வாங்கிய விவாகரத்து இங்கே செல்லுமா?

எல்லா நேரமும் செல்லாது. இந்து திருமணச் சட்டப்படி திருமணமானவர்கள் என்றால், அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காகத்தான் விவாகரத்து வழங்கப்பட்டிருக்க வேண்டும். இருவரும் விரும்பி வழக்கில் பங்கேற்றிருக்க வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. 'ஒத்துப்போகவில்லை' என்று கணவர் மட்டும் அங்கே போய் வாங்கிய ஒருதரப்புத் தீர்ப்பை நம்பி இங்கே மறுமணம் செய்தால், சிக்கல் பெரிதாகும். இருவரும் சம்மதித்து வாங்கியது என்றால் பொதுவாகப் பிரச்னை இல்லை.

என்ன செய்யலாம்?

* லீவுக்குக் குழந்தையோடு வருகிறீர்களா? திரும்பும் தேதியோடு, துணையின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெயிலாவது இருக்கட்டும்.

* வன்முறை நடக்கிறதா? அங்கேயே போலீஸில் புகார் கொடுங்கள். மருத்துவச் சான்று, மெசேஜ்களை பத்திரப்படுத்துங்கள். இங்கே வந்த பிறகு வாயால் சொல்வதைவிட, அங்கே பதிவான ஒரு புகாருக்கு மதிப்பு அதிகம்.

* வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். பதில் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவெடுங்கள்.

* குழந்தையைப் பிரிந்து அங்கே நிற்பவர் நீங்களா? தாமதிக்காதீர்கள். மாதங்கள் போகப் போக, குழந்தைக்கு இங்கே பள்ளியும் நண்பர்களும் அமைந்துவிடும்.

* வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

2020-ல் வந்த தீர்ப்பு ஒன்றில், இரு பெற்றோரின் அன்பும் குழந்தையின் உரிமை என்று சொன்ன உச்ச நீதிமன்றம், பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடமாவது குழந்தையோடு பேச வழிசெய்ய வேண்டும் என்றது. அதற்கு நீதிமன்ற உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வழக்கு நடக்கட்டும். இன்று இரவு அந்த வீடியோ காலை மட்டும் கட் பண்ணாதீர்கள்!