திரையிலிருந்து ஒரு 'நான்'

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் தொலைக்காட்சியில் கேட்ட வசனத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு, சில வேளை மாதங்கள் கழித்தும், திருப்பிச் சொல்வார்கள். இதற்கு எதிரொலிப் பேச்சு என்று பெயர். வீட்டில் கேட்ட பேச்சும் இப்படித்தான் வரும், தாகம் எடுத்த குழந்தை "உனக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்கும். அங்கே 'நீ' என்பதே 'நான்'. மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையிலேயே இந்த இடமாற்றம் பதிவாகியிருக்கிறது.

வெறும் ஒப்பிப்பு என்று கருதி எதிரொலிப் பேச்சை அடக்கப் பார்த்த காலம் உண்டு. ஆனால் கேட்கவும் மறுக்கவும் மனத்தை ஆற்றிக்கொள்ளவும் குழந்தைக்கு இது உதவுகிறது என்று பாரி பிரிஸன்ட் போன்ற ஆய்வாளர்கள் 1980களில் காட்டினார்கள்.

அமெரிக்கரான ஓவன் சஸ்கைன்டின் வாழ்க்கை இதற்குத் துலக்கமான சான்று. மூன்று வயதை ஒட்டிப் பேச்சு நின்றுபோன ஓவன், டிஸ்னி படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். அவன் ஓயாமல் முணுமுணுத்த புரியாத சொல், 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் சூனியக்காரி கடற்கன்னியின் குரலை விலையாகக் கேட்கும் வசனம் என்பது பெற்றோருக்கு ஒருநாள் பிடிபட்டது. பேச்சை இழந்த பிள்ளை, குரல் பறிபோகும் காட்சியையே பற்றிக்கொண்டிருந்தான். பின்னொரு நாள் தந்தை 'அலாதீன்' படத்துக் கிளியின் கைப்பொம்மையை மாட்டிக்கொண்டு, அதன் குரலில், ஓவனாக இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டார். மகிழ்ச்சியாக இல்லை, நண்பர்களும் இல்லை என்று மகன் கிளியிடம் சொன்னான். வளர வளர, நாயகர்களை விட்டுவிட்டு அவர்களுக்குத் துணைநிற்கும் பாத்திரங்களையே வரைந்தான். அவர்களின் காவலன் என்று தன்னைக் குறித்துக்கொண்டான். தந்தை எழுதிய 'லைஃப், அனிமேட்டட்' நூல் 2014இலும், ஆவணப்படம் 2016இலும் வெளிவந்தன.

ஓவன் கிடைத்த பாத்திரங்களை வைத்துத் தன்னைப் புரிந்துகொண்டான். ஆட்டிசம் உள்ள பாத்திரமே திரையில் வந்தால்? 2017இல் 'செஸமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடருக்கு ஆட்டிசம் உள்ள ஜூலியா என்ற பொம்மைச் சிறுமி வந்தாள். தொடரில் வரும் பெரிய பறவையான பிக் பேர்ட் பேசியும் அவள் பதில் தரவில்லை. தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அது கலங்க, தோழர்கள் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் பெரிதும் மற்றக் குழந்தைகளுக்கானது. அதே ஆண்டு வட அயர்லாந்தில் உருவான 'பாப்லோ' தொடர் ஒரு படி மேல். ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் வரைந்த விலங்குகள் உயிர்பெற்று, அவனைக் குழப்பும் விஷயங்களை அவனோடு சேர்ந்து யோசிக்கின்றன. குரல் கொடுத்தவர்களும் ஆட்டிசம் உள்ளவர்களே. பார்க்கும் குழந்தைக்கு அது தன் மனத்தையே காட்டுகிறது.

ஆனால் குழந்தையைத் திரைமுன் தனியே உட்காரவைத்தால் இதெல்லாம் நடக்காது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பார்க்க வேண்டும். குழந்தை சொல்வது எந்தக் காட்சியின் வசனம், அதற்குச் சற்றுமுன் வீட்டில் என்ன நடந்தது என்று சில நாள் குறித்துவைத்தால், அந்த வசனத்தால் குழந்தை என்ன சொல்ல வருகிறது என்பது மெல்லப் பிடிபடும்.