காற்றடைத்த படகு வாங்கப் போகிறீர்களா?

1952-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேனரித் தீவில் இருந்து ஒரு ரப்பர் படகு புறப்பட்டது.

அதில் இருந்தவர் ஒரே ஒருவர். அலேன் பொம்பார் என்ற பிரெஞ்சு டாக்டர். படகின் நீளம் 15 அடி. வெளியே ரப்பர் துணி, உள்ளே காற்று. அவ்வளவுதான் படகு!

65 நாட்கள் அவர் கடலில் கிடந்தார். மீன் பிடித்துத் தின்றதாகவும், மீனைப் பிழிந்த சாற்றையும் மழை நீரையும் குடித்ததாகவும் பின்னால் எழுதினார். டிசம்பர் 23-ந் தேதி, அட்லாண்டிக் பெருங்கடலின் அந்தப் பக்கம் உள்ள பார்படோஸ் தீவில் போய் இறங்கினார். உடம்பில் 25 கிலோ எடை குறைந்து இருந்தது. ஆனால் உயிர் இருந்தது!

"பெருங்கடலையே தாண்டிய படகு, நம் ஊர் ஏரியைத் தாண்டாதா?" என்று தோன்றும்.

ஒன்றைக் கவனியுங்கள். பொம்பார் காற்றை எதிர்த்துப் போகவில்லை. அந்தக் கடலில் அந்தப் பருவத்தில் கிழக்கில் இருந்து மேற்கு நோக்கி ஓயாமல் காற்று வீசும். அவர் ஒரு சின்னப் பாயைக் கட்டினார். காற்று தள்ளிக் கொண்டு போயிற்று. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வா என்றால் அவரால் வந்திருக்க முடியாது.

ரப்பர் படகின் குணம் முழுவதும் இதில் அடங்கி இருக்கிறது. உள்ளே அடைத்த காற்று அதை மிதக்க வைக்கிறது. வெளியே அடிக்கும் காற்று அதை இழுத்துக் கொண்டு போகிறது!

வீடு தேடி வந்த படகு

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. மாடியில் சிக்கிய மக்களை, மீட்புப் படையினர் ரப்பர் படகுகளில் ஏற்றி வந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அப்போதும் தெருவிலே படகு போயிற்று.

அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு, "வீட்டில் ஒரு படகு இருந்தால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயற்கை. மடித்தால் ஒரு மூட்டைதான். கட்டிலுக்கு அடியில் வைத்து விடலாம். விடுமுறையில் பிள்ளைகளுக்கும் விளையாட்டு.

நல்ல யோசனைதான். ஆனால் எதை வாங்குவது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பொம்மையா, படகா?

கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் படகுப் படம் போட்டு இருக்கும். ஒன்று பொம்மை. மற்றொன்று படகு.

தொட்டுப் பாருங்கள். மழைக்கோட்டு மாதிரி மெல்லிசாக, ஒரே பிளாஸ்டிக்காக இருந்தால் அது பொம்மை. நீச்சல் குளத்துக்கு மட்டுமே ஆகும். பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சடித்தும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தை யாரும் படிப்பது இல்லை!

படகு என்றால், உள்ளே நெய்த துணி இருக்கும். அதன் இரண்டு பக்கமும் பி.வி.சி. பூசி இருப்பார்கள். லாரி மேல் போடும் தார்ப்பாய் மாதிரி கனமாக இருக்கும்.

அடுத்து, காற்று அறைகளை எண்ணுங்கள். எத்தனை அறை, எத்தனை வால்வு? படகைச் சுற்றி ஒரே அறையாக இருந்தால், ஒரு முள் குத்தினாலும் கதை முடிந்தது. குறைந்தது இரண்டு அறை வேண்டும். மூன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று போனாலும் மற்றது தாங்கும்.

எத்தனை பேர், எத்தனை கிலோ என்று படகிலேயே எழுதி இருக்க வேண்டும். எழுதி இராத படகை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். "4 பேர்" என்று எழுதி இருந்தால், இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் என்று வைத்துக் கொள்ளுங்கள். எழுதியவர் மூட்டை முடிச்சைக் கணக்கில் சேர்த்து இருக்க மாட்டார். பக்கவாட்டில் பிடித்துக் கொள்ளக் கயிறு இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீரில் விழுந்தவருக்கு அந்தக் கயிறுதான் கை கொடுக்கும்.

பங்சர் கடைக்குப் போகாதீர்கள்!

படகுடன் ஒரு கால் பம்பு கொடுப்பார்கள். மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து விடும். "தெருமுனையில் பங்சர் கடை இருக்கிறதே!" என்று நினைப்பு ஓடும்.

வேண்டாம். கார் டயரில் 30 பவுண்டுக்கு மேல் காற்று நிற்கும். சின்னப் படகுக்கு 3 பவுண்டோ, அதற்கும் குறைவோ போதும். எவ்வளவு என்று படகிலேயே குறித்து இருக்கும். பங்சர் கடை மிஷினில் அடித்தால், கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டு விட்டுப் போகும்.

வெயிலும் அதே வேலையைச் செய்யும். காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது 3 பவுண்டு அடிக்கிறீர்கள். படகைக் கரையில் போட்டு விட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். உள்ளே இருக்கும் காற்று சுட்டு விரியும். 25 டிகிரியில் அடித்த காற்று 50 டிகிரிக்கு ஏறினால், 3 பவுண்டு கணக்குப்படி நாலரைப் பவுண்டை நெருங்கி விடும். ஆகையால் கரையில் இழுத்துப் போட்டால் கொஞ்சம் காற்றை இறக்கி விடுங்கள். தண்ணீரில் விட்டதும் படகு குளிர்ந்து தொளதொளக்கும். அப்போது மறுபடி அடியுங்கள்.

வாங்கிய அன்றே தண்ணீருக்குக் கொண்டு போக வேண்டாம். காற்று அடித்து வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் முழுவதும் வையுங்கள். மறுநாள் தளர்ந்து இருந்தால், ஒட்டிலும் வால்விலும் சோப்புத் தண்ணீரைப் பூசுங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை.

கரை ஏமாற்றும்

இனிதான் முக்கியமான விஷயம்.

மரப்படகு தண்ணீருக்குள் அழுந்தி நிற்கும். தண்ணீர் அதைப் பிடித்துக் கொள்ளும். ரப்பர் படகு அப்படி அல்ல. ஆலிலை மாதிரி தண்ணீரின் மேல் கிடக்கும். காற்று அடித்தால் வழுக்கிக் கொண்டு ஓடும். துடுப்புப் போட்டுப் பழகாதவர் மணிக்கு 3 கிலோ மீட்டர் போவதே பெரிது. காற்றோடு பந்தயம் போட முடியுமா?

சென்னைக் கடற்கரையை எடுத்துக் கொள்ளுங்கள். கோடைக்காலத்திலும் அதை அடுத்த மாதங்களிலும், காலை வேளையில் தரையில் இருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். மேல்காற்று. மத்தியானத்துக்கு மேல்தான் கடற்காற்று கரை ஏறும். மீனவர்களுக்கு இது மனப்பாடம். விடியலில் தரைக்காற்றில் பாய் விரித்துப் போவதும், பிற்பகலில் கடற்காற்றில் திரும்புவதும் கட்டுமரக் காலத்து வழக்கம்.

கடற்கரைக்குப் பொழுது போக்க வருகிறவருக்கு இது தெரியாது. தரைக்காற்று வீசும்போது கரை ஓரத்தில் தண்ணீர் சலனம் இல்லாமல் தெரியும். அலை கூட அடங்கி இருக்கும். "ஆகா, குளம் மாதிரி இருக்கிறது!" என்று குழந்தையைப் படகில் உட்கார வைப்பார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்த படகு நழுவும். பத்து அடி, இருபது அடி, நூறு அடி. கரையை விட்டு விலக விலகக் காற்றின் வேகம் கூடும், அலையும் எழும்பும். அப்பா பின்னாலேயே நீந்துவார். படகு அவரை விட வேகமாகப் போகும். இப்போது ஆபத்தில் இருப்பது இரண்டு உயிர்!

பிரிட்டனில் ராயல் நேஷனல் லைப்போட் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 1824-ல் தோன்றியது. கடலில் தத்தளிப்பவர்களை மீட்பதே அதன் வேலை. 1963 முதல் அந்தச் சங்கமே காற்றடைத்த படகுகளைப் பயன்படுத்தி வருகிறது. அப்படிப்பட்ட சங்கம், "காற்றடைத்த பொம்மைகளைக் கடலுக்குக் கொண்டு வராதீர்கள்" என்று மக்களைக் கேட்டுக் கொள்கிறது.

என்னைக் கேட்டால், புதிதாகப் படகு வாங்கியவர் கடல் பக்கமே போக வேண்டாம். அனுமதி உள்ள சின்ன ஏரியாகப் பாருங்கள். கைக்குட்டையைத் தூக்கிப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். முதலில் காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போடுங்கள். களைத்த பிறகு காற்றே உங்களைப் புறப்பட்ட கரைக்குக் கொண்டு வந்து விடும். முதல் சில நாட்கள் படகில் நீண்ட கயிறு கட்டி, அதன் நுனியைக் கரையில் ஒருவர் பிடித்து இருப்பது நல்லது. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அப்படியும் படகு இழுத்துக் கொண்டு போனால்? படகை விட்டுக் குதிக்காதீர்கள். தலை மட்டும் தெரியும் மனிதனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். படகு கண்ணுக்குத் தெரியும். உட்கார்ந்தபடியே விசில் ஊதுங்கள், துணியை ஆட்டுங்கள். கரையில் இருப்பவர்கள் நீந்தித் துரத்தாமல், 1554-க்குப் போன் செய்யுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் அது.

குழந்தைக்குச் சட்டை

படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை வேண்டும். நீச்சல் தெரிந்தவருக்கும்தான். படகில் மடித்து வைத்தால் பயன் இல்லை. கரையிலேயே போட்டுக் கொள்ள வேண்டும்.

குழந்தைக்குப் பெரியவர் சட்டை ஆகாது. தண்ணீரில் விழுந்தால் சட்டை மேலே போகும், குழந்தை கீழே போகும். கால்களுக்கு நடுவே வார் உள்ள சட்டையாகப் பாருங்கள். போட்டு விட்டு, தோள் பட்டையைப் பிடித்து மேலே இழுங்கள். காதுக்கு மேல் ஏறினால் அது அந்தக் குழந்தைக்கு உதவாது.

ஏறும்போது ஒருவர் பின் ஒருவராக, நடுவில் கால் வைத்து ஏறுங்கள். ஏறியதும் உட்காருங்கள். படகில் நின்று போட்டோ எடுப்பது கூடவே கூடாது.

தெருவில் வெள்ளம்

தேங்கிய தண்ணீரில், நோயாளியையோ பாட்டியையோ தெருமுனை வரை கொண்டு சேர்க்கப் படகு உதவும். பாயும் தண்ணீர் என்றால் இறக்காதீர்கள். 1070, 1077 எண்களில் சொல்லி, பயிற்சி பெற்றவர்கள் வரும் வரை மாடியில் இருங்கள்.

தேங்கிய தண்ணீரிலும் கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் உண்டு. கேட்டின் மேல் உள்ள ஈட்டிக் கம்பி, முள்வேலி, மதிலில் பதித்த கண்ணாடித் துண்டு. ஒன்று கீறினால் போதும். ஒரு மூங்கில் கழியால் முன்னால் குத்திப் பார்த்துக் கொண்டே போக வேண்டும். மின் கம்பி தொங்கும் தெருவுக்குள் நுழையவே வேண்டாம்.

எலி ஜாக்கிரதை

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நிழலில் காய வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பரணில் சும்மா போட்டால் எலி கடிக்கும். மூடி உள்ள டிரம்மில் வைப்பது நல்லது.

பம்பு, ஒட்டுத் துணி, பசை, விசில், துடுப்பு எல்லாவற்றையும் படகுடனேயே சேர்த்து வையுங்கள். ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் வெளியே எடுத்து, காற்று அடித்துப் பாருங்கள். பசை காய்ந்து போயிருந்தால் அன்றே புதிதாக வாங்கி விடுங்கள். மழை பிடித்த பிறகு கடை திறந்து இருக்காது.