பனியிலும் ஓடினாள், பிணியிலும் ஓடினாள்!

என் சித்தியின் மார்பில் ஒரு கட்டி. ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது.

"ஏன் சித்தி சொல்லலே?" என்று கேட்டேன்.

"வலிக்கலைடி. வலிக்காததைப் போய் என்னன்னு சொல்றது? அதுவும் அந்த இடத்திலே!" என்றாள்.

சித்தி போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போதெல்லாம் அவள் நினைவு வந்தால், கூடவே நான் நேரில் பார்த்திராத ஒரு பெண்ணின் நினைவும் வருகிறது. அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலத்து ஆங்கரேஜ் நகரில் வளர்ந்த கிக்கன் ராண்டல்தான் அவர். பனிச்சறுக்கு வீராங்கனை.

பனிச்சறுக்கு என்றதும், மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதைத்தானே நினைக்கிறீர்கள்? இது அதுவல்ல. 'கிராஸ் கன்ட்ரி' என்பார்கள். காலில் நீளமான, மெல்லிய ஸ்கீ. கையில் இரண்டு கோல்கள். சமவெளியிலும் போக வேண்டும், மேட்டிலும் ஏற வேண்டும். கை, கால், இருதயம், நுரையீரல் எதற்கும் ஓய்வு கிடையாது!

44வது இடத்திலிருந்து…

1982 டிசம்பர் 31ல் பிறந்த கிக்கன், 2002ல் முதல் ஒலிம்பிக்கில் ஓடினார். குறுந்தூரப் போட்டியில் கிடைத்தது 44வது இடம். நார்வேக்காரர்களும் ரஷ்யர்களும் ஆண்டு வந்த விளையாட்டு அது. அதில் அமெரிக்கப் பெண்களை யார் சீண்டினார்கள்? கிக்கன் அசரவில்லை. 2007ல் உலகக் கோப்பைப் பந்தயம் ஒன்றில் ஜெயித்தார். அப்படி ஜெயித்த முதல் அமெரிக்கப் பெண் அவர்தான்.

2008ல் காலில் ரத்தம் உறைந்து படுக்க நேர்ந்தது. மறுவருஷமே உலக சாம்பியன் போட்டியில் வெள்ளி! 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலகக் கோப்பையின் குறுந்தூரப் பட்டம் அவருக்கே. ஆனால் ஒலிம்பிக் மெடல் மட்டும் கைக்கு எட்டவே இல்லை. 2014ல் சோச்சியில் 'இவருக்குத்தான் தங்கம்' என்று எல்லோரும் சொல்ல, கால் இறுதியோடு வெளியேறினார்.

2016ல் பிள்ளை பிறந்தான். "இனி வீட்டோடு இரு" என்று சொல்ல நாலு பேர் எந்த ஊரிலும் இருப்பார்கள். கிக்கனோ மீண்டும் பயிற்சிக்குப் போனார். 2018 பிப்ரவரியில் தென் கொரியாவின் பியாங்சாங்கில் ஐந்தாவது ஒலிம்பிக். வயது 35, பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்பவில்லை. இருவர் மாறி மாறி ஓடும் பந்தயத்தில் ஜெஸ்ஸி டிக்கின்ஸுடன் சேர்ந்து ஸ்வீடனை முந்தினார். வித்தியாசம் 0.19 விநாடி! கிராஸ் கன்ட்ரியில் அமெரிக்காவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

தங்கத்துக்குப் பின்னே…

சில மாதங்கள்கூடப் போகவில்லை. மார்பில் சின்னதாய், கெட்டியாய் ஏதோ தட்டுப்பட்டது. 'இத்தனை உடற்பயிற்சி செய்கிற எனக்கு என்ன வந்துவிடும்?' என்று இருந்துவிடவில்லை. பரிசோதனைக்குப் போனார். மார்புப் புற்றுநோய், இரண்டாம் கட்டம். ஜூலையில் அதை ஊரறியச் சொல்லியும்விட்டார்.

மருந்து ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் போனாராம்! தலைமுடி கொட்டியது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்த நாளிலும், பத்து நிமிஷமாவது நடமாடுவது என்று வைத்துக்கொண்டார். பிறகு ஆபரேஷன், கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து, 2019 நவம்பரில் நியூயார்க் மாரத்தானை மூன்று மணிக்குள் ஓடி முடித்தார்.

அந்த ஓட்டமும் தனக்காக அல்ல. 'ஆக்டிவ் அகெய்ன்ஸ்ட் கேன்ஸர்' என்ற நார்வே அமைப்புக்காக. மாரத்தான் ராணி கிரேட்டே வைட்ஸ் 2007ல் சேர்ந்து தொடங்கிய அமைப்பு இது. அவரும் புற்றுநோயால் 2011ல் மறைந்தவர். சிகிச்சையில் இருப்பவர்களுக்கென்றே ஆஸ்பத்திரிகளில் உடற்பயிற்சிக் கூடம் அமைப்பது இவர்கள் பணி.

இதற்கு முன்பே கிக்கன் இன்னொரு காரியத்தில் இறங்கியிருந்தார். கனடாவின் ஒலிம்பிக் வீராங்கனை சாண்ட்ரா கிராஃபோர்ட் ஆரம்பித்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபீமேல்' அமைப்பை அமெரிக்காவில் வளர்த்தார். வயதுக்கு வந்ததும் கூச்சத்தால் விளையாட்டை விட்டுவிடும் பெண் குழந்தைகளைத் தடுத்து நிறுத்துவது அதன் நோக்கம். பெரிய வீராங்கனைகளே வந்து குழந்தைகளோடு ஆடிப் பாடி, தைரியம் சொல்வார்கள்.

கூச்சம்! யோசித்துப் பார்த்தால், பத்து வயதில் விளையாட்டை விட வைப்பதும் அதுதான். ஐம்பது வயதில் கட்டியை மறைக்க வைப்பதும் அதுதான்.

சகோதரிகளே, கட்டி எல்லாமே புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தாம். ஆனால் அதை நாமே தீர்மானிக்க முடியாது. வலி இல்லையே என்று தைரியமாக இருக்கவும் கூடாது. தொடக்கத்தில் பல கட்டிகள் வலிப்பதில்லை. கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் மாற்றமோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால், அக்காவையோ மகளையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

சித்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் கூடப் போயிருப்பேன்.