பீலேயை உட்கார வைத்த கவட்டை வலி!

திருநள்ளாறு: கவட்டையில் வலி விடாமல் நின்றால், "ஏழரைச் சனிதான், நள தீர்த்தத்துல முங்கிட்டு வா" என்று சொல்ல ஆள் இருக்கும் ஊர் இது. முங்கலாம், தப்பில்லை. பந்து உதைப்பவருக்கு வேறு வேலையும் இருக்கிறது.

1962-ல் சிலியில் உலகக் கோப்பை. ஜூன் 2-ந் தேதி செக்கோஸ்லோவாகியாவுடன் ஆட்டம். பீலே தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தார். கவட்டைத் தசை பிடித்துக்கொண்டது. மாற்று ஆள் இறக்க அப்போது விதி கிடையாது. நொண்டிக்கொண்டே நின்றார். அத்தோடு சரி! பிரேசில் கோப்பையை வென்றபோது அவர் ஆடவில்லை.

எண்ணெய் போதுமா?

நம்ம ஆட்கள் எண்ணெய் தேய்ப்பார்கள், 10 நாள் படுப்பார்கள், மறுபடி இறங்குவார்கள். வலியும் கூடவே இறங்கும்!

டென்மார்க் டாக்டர்கள், நாள்பட்ட கவட்டை வலிக்காரர்களான 68 விளையாட்டு வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மசாஜ், லேசர் பிரிவில் வலியில்லாமல் களத்துக்குத் திரும்பியவர்கள் 4 பேர்தான். தசைக்கு வலுவேற்றியவர்களில் 23 பேர்! 1999-ல் வந்த முடிவு இது.

பயிற்சி 8 முதல் 12 வாரம். முதல் பாடம் சுலபம்: மல்லாந்து படுத்து, பாதங்களுக்கு நடுவே பந்தை வைத்து 30 விநாடி அழுத்தணும். 10 தடவை. பந்துக்கா பஞ்சம்?

கத்தி எப்போது?

சிலருக்கு இருமினாலே சுருக்கென்னும். குடலிறக்கப் புடைப்பு தெரியாது. அடிவயிற்றுத் தசை கவட்டையில் சேரும் இடத்தில் கிழிசல்! 1980-ல் லண்டன் சர்ஜன் கில்மோர் இதைக் கண்டுபிடித்துத் தைத்தார். தையல் போட்டாலும் பயிற்சியிலிருந்து தப்ப முடியாது.

புடைப்பு தெரிந்தாலோ, விதையில் வலித்தாலோ பந்தைத் தூரப் போட்டுவிட்டு, நேரே காரைக்கால் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.