சர்க்கரை நோய் எப்படி இயங்குகிறது? ஒரு கல்யாணப் பந்தியின் கணக்கு

பெரியவர் ஒருவர் உடலில் ஓடும் ரத்தம் சுமார் 5 லிட்டர். வெறும் வயிற்றில் அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒரு கப் சோறு செரித்தால் சுமார் 45 கிராம் குளுக்கோஸ் ரத்தத்துக்குள் வருகிறது. இருந்ததைப்போல் ஒன்பது மடங்கு! ஆனாலும் நலமாக இருப்பவருக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தில் அளவு பழையபடி இறங்கிவிடுகிறது. இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது, எங்கே கெடுகிறது என்பதை ஒரு கல்யாணச் சமையற்கட்டை வைத்துப் பார்ப்போம்.

பந்தி ஒழுங்காக நடக்கும்போது

அடுப்படியிலிருந்து பந்திக்குச் சோறு போகும் நடைவழிதான் ரத்தம். இலை போட்டுக் காத்திருப்பவை உடலின் செல்கள். தசைதான் பெரிய பந்தி. உக்கிராண அறை, கல்லீரல். அதற்குள் தனி அடுப்பும் உண்டு. பந்தி விசாரிப்பவர், இன்சுலின். கணையத்திலுள்ள பீட்டா செல்கள் அவரை அனுப்பிவைக்கின்றன.

சோறு வந்ததும் அவர் மூன்று உத்தரவு போடுவார்.

முதலாவது, பந்திக் கதவைத் திற. தசை செல்லுக்குள் ஒதுங்கியிருக்கும் ‘குளூட்-4’ என்ற கடத்திப் புரதங்கள் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே வாங்குகின்றன.

இரண்டாவது, மிச்சத்தை உக்கிராணத்தில் வை. கல்லீரல் சுமார் 100 கிராம் வரை கிளைக்கோஜனாகச் சேமிக்கும். அதற்கு மேல் வந்தால் கொழுப்பாக மாற்றும்.

மூன்றாவது, உள் அடுப்பைத் தணி. மூளைக்கு மட்டும் நாளொன்றுக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் தேவை. நாம் தூங்கும்போது அதைக் கொடுப்பது கல்லீரல். சாப்பாடு வந்த பிறகு அந்த அடுப்பு எரிய வேண்டியதில்லை.

எங்கே கெடுகிறது?

உக்கிராணம் நிரம்பினால் சாமான் வைக்கப் பக்கத்து அறை ஒன்று உண்டு. அதுதான் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு. அதுவும் நிரம்பினால் கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் சேர்கிறது. பிறகு பந்தி விசாரிப்பவரின் குரல் எடுபடுவதில்லை. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கணையம் விடாமல் மேலும் மேலும் ஆள் அனுப்புகிறது. இந்தக் கட்டம் பல ஆண்டுகள் நீளும். பரிசோதனையில் சுகர் சரியாகவே இருக்கும். பீட்டா செல்கள் ஓய்ந்துபோகும்போதுதான் நோய் வெளியே தெரிகிறது.

“ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் எப்படி 160?” என்று பலர் கேட்பதற்கு விடை இங்கே இருக்கிறது. தணிக்கச் சொல்லும் குரல் எடுபடாமல் கல்லீரலின் அடுப்பு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. அளவு 180-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் தடுக்க முடியாமல் சர்க்கரை சிறுநீரில் இறங்கும், தாகமும் கூடும்.

இதுவரை பார்த்தது இரண்டாம் வகை நோய். முதல் வகை நோய் வேறு. அங்கே உடலின் எதிர்ப்பாற்றலே பீட்டா செல்களை அழித்துவிடுவதால் பந்தி விசாரிப்பவரே இருக்க மாட்டார். 1922 ஜனவரியில் டொரன்டோவில் இந்த நோயுள்ள 14 வயது லெனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதுவரை முதல் வகை நோய் வந்த குழந்தைகளுக்கு வாழ வழியே இருக்கவில்லை.

நமக்கு ஏன் இவ்வளவு சீக்கிரம்?

2004-இல் ‘லான்செட்’ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு ஒன்றுதான்: 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மவர்களுக்குத் தசை குறைவு, பக்கத்து அறையும் சிறிது. கொஞ்சம் எடை ஏறினாலே கொழுப்பு கல்லீரலுக்குப் போய்விடுகிறது.

இந்த உடலோடு உட்கார்ந்த வேலையும், வாசலில் நிற்கும் இருசக்கர வண்டியும், மூன்று வேளையும் தீட்டிய அரிசியும் சேர்ந்தன. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வுகளில் 1989-இல் சென்னையில் 8.2 சதவீதமாக இருந்த நோய், 2006-இல் 18.6 சதவீதம் ஆனது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - ‘இன்டியாப்’ (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள்.

மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது?

மெட்ஃபார்மின் கல்லீரலின் அடுப்பைத் தணிக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் மிகுதியைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. செமாகுளூடைடு பசியைக் குறைத்து, இரைப்பையிலிருந்து உணவு இறங்கும் வேகத்தையும் தணிக்கிறது.

நடையின் வேலை இவற்றிலிருந்து வேறுபட்டது. தசை சுருங்கி விரியும்போது குளூட்-4 தானாகவே மேலே வருகிறது. பந்தி விசாரிப்பவர் சொல்லாமலே கதவு திறக்கிறது! சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்வது இதனால்தான்.

தேங்கிய கொழுப்பை எடுத்துவிட்டால் நோய் பின்வாங்குமா? பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வு 2017-இல் பதில் சொன்னது. நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்குக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் நோயற்ற அளவுக்குத் திரும்பியிருந்தார்கள். 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் அது 86 சதவீதம். எடை திரும்பினால் நோயும் திரும்பும் என்பதால் இதை முழுக் குணம் என்று சொல்ல முடியாது. வராமல் தடுக்கவும் வழி உண்டு. ராமச்சந்திரன் குழுவின் 2006 ஆய்வில், முந்தைய நிலையில் இருந்த இந்தியர்களுக்கு உணவு மாற்றமும் நடையும் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன.

ஆகவே ஒல்லியாக இருக்கிறோம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் அது முந்தைய நிலை. அன்றே சோற்றைக் குறைத்து நடக்கத் தொடங்குங்கள். 126-ஐத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள். அவர் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.